மூன்று புதன்கிழமை அலுமாரியில் கிடந்த படிவம்

அன்றைக்கு வைத்திய அத்தியட்சகரின் அறைக்குள் ஆறு பேர் இருந்தோம். மேசைக்குப் பின்னால் வைத்திய அத்தியட்சகர். எங்கள் வைத்தியசாலைக்குத் தலைவர் அவர்தான், ஊழியர்கள் நாங்கள் பெரியவர் என்போம். அவருக்கு வலப்பக்கம் சத்திரசிகிச்சை நிபுணர் வாமதேவன் சேர். இடப்பக்கம், மடியில் இரண்டு கோப்புகளோடு தலைமை எழுதுநர் பாக்கியம் மிஸ். மேசைக்கு எதிரே, ஒரு வருட உள்ளகப் பயிற்சியை முடித்திருந்த டொக்டர் நஸ்ரின். அவருக்கு இரண்டு முழம் தள்ளி, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து கதிரையின் நுனியில் இருந்த தங்கராசா என்ற மீன்காரர். அவருடைய தம்பி இறந்து பன்னிரண்டாம் நாள் அது. ஆறாவது ஆள் நான், கந்தோர்ப் பியோன் அழகையா. கதவோடு ஒட்டி நின்றேன்.

வெளியே விறாந்தையில் கிடந்த நீள வாங்கில் டொக்டர் நஸ்ரினின் வாப்பா இருந்தார். அவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் அந்தக் கதவு ஒருநாளும் சரியாகச் சாத்துப்படாது. எல்லாம் அவருக்கும் கேட்டிருக்கும்.

வைத்தியசாலையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. நாவற்குடாவுக்கும் களுவாஞ்சிக்குடிக்கும் இடையில், வாவிப் பக்கமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். நான் ஓய்வு பெற்று மூன்று வருடமாகிறது. இதை எழுத வேண்டி வந்தது, எங்கள் ஒழுங்கையில் இருக்கிற ஒரு பிள்ளையால். டொக்டருக்குப் படித்து இப்போது உள்ளகப் பயிற்சியில் கடைசி மாதத்தில் நிற்கிறாள். போன கிழமை வேலியடியில் நின்று கேட்டாள்.

"மாமா, நீங்க கந்தோர்ல இருந்தனீங்கதானே. முழுப்பதிவுக்கு முடிஞ்ச உடனே போடுறதா, நியமனம் வரக்குள்ள போடுறதா? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்டு சொல்றாங்க."

இதே கேள்வியை எட்டு வருடத்துக்கு முன் இன்னொரு பிள்ளை என்னிடம் கேட்டது. அதற்கு நான் சொன்ன பதிலால் நடந்ததைத்தான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மருத்துவப் பட்டம் வாங்கியவர் உடனே முழு டொக்டர் இல்லை. ஒரு வருடம் வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி செய்ய வேண்டும். அந்த வருடத்துக்கு மட்டும் தற்காலிகப் பதிவு கொடுப்பார்கள். வருடம் முடிகிற அன்றைக்கு அதுவும் முடிந்துவிடும். பிறகு, ஆறு ஆறு மாதம் யாரிடம் வேலை செய்தாரோ அந்த இரண்டு நிபுணர்களும் 'திருப்தி' என்று கையெழுத்து வைத்து, வைத்திய அத்தியட்சகர் முத்திரை குத்தி, கட்டணம் கட்டிய துண்டோடு படிவம் கொழும்புக்குப் போக வேண்டும். அங்கிருந்து முழுப்பதிவு வரும். அதற்குப் பிறகுதான் அவர் தனியாக நின்று வைத்தியம் பார்க்கலாம். இரண்டு பதிவுக்கும் இடையில் இருக்கிற நாட்களில் அவர் யார் என்று கேட்டால், யாராலும் நேராகப் பதில் சொல்ல முடியாது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். தண்ணீர் சுமக்கிற தற்காலிக வேலைக்கு வந்து, பிறகு பியோனாகி, முப்பத்துநான்கு வருடம் அந்தக் கந்தோரிலேயே கிடந்தேன். கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்பது எனக்குப் பாதிதான் விளங்கும். எந்தக் கடதாசி யாரிடம், எந்த நேரத்தில் போனால் கையெழுத்தாகும் என்பது முழுதாக விளங்கும். அத்தோடு நான் பயந்த ஆள். அலுமாரியைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பஸ் தரிப்பிடம் வரைக்கும் போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பேன். "நீங்க செத்தாலும் பெட்டி பூட்டிக் கிடக்கா எண்டு எழும்பிப் பாப்பீங்க" என்பாள் மனைவி.

அப்படிப்பட்ட நான், வாமதேவன் சேர் எதிரே வந்தால் சுவரோடு ஒதுங்கிவிடுவேன். யாழ்ப்பாணத்து மனிதர். சத்தம் போட்டு ஏசியதை நான் கேட்டதில்லை, அதுதான் இன்னும் பயம். கையெழுத்து வைப்பது புதன்கிழமை மட்டும். அது அவருடைய சத்திரசிகிச்சை நாள். கடைசி நோயாளி மயக்கம் தெளிந்து, தன் பெயரைத் தன் வாயால் அவருக்குச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு கை கழுவி, சீனி போடாத பிளேன்ரீ ஒன்று குடிப்பார். அது முடிந்தால்தான் கடதாசி. மற்ற நாளில் கொண்டு போனால் ஒரே ஒரு சொல்தான்: "புதன்."

இன்னொரு பழக்கமும் அவருக்கு இருந்தது. எந்தக் கடதாசி அவருடைய மேசைக்கு வந்தாலும், வாசிக்க முதல் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, வலது மேல் மூலையில் அன்றைய திகதியை எறும்பு போலச் சின்னதாகப் போடுவார். "உம்மடை கந்தோர் ஆக்கள் நாளைக்கு என்னைச் சாட்டக் கூடாதெல்லோ" என்று ஒரு தரம் சிரிக்காமல் சொன்னார். பிறகு வரிக்கு வரி விரலை வைத்து வாசிப்பார். கடைசியில்தான் மைப் பேனையின் மூடியைத் திருகுவார்.

அவர் இங்கே வந்த புதிதில் ஒரு தரம் ஒரேயொரு லீவு விண்ணப்பத்தோடு அவரிடம் போனேன். "இந்த ஒண்டுக்காகவோ மூண்டாம் மாடி ஏறி வந்தனீர்?" என்று கேட்டார். இரக்கப்பட்டுக்கூடக் கேட்டிருக்கலாம். நான் அதை ஏச்சாகவே எடுத்தேன். அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்தது. அவரிடம் தனிக் கடதாசி கொண்டு போவதில்லை. மூன்று சேர்ந்தால் போவேன். சேரும் வரை அலுமாரியில் வைப்பேன். இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, யாரும் தடுக்கவும் இல்லை.

டொக்டர் நஸ்ரின் காத்தான்குடிப் பிள்ளை. வாப்பா தையல்காரர். மார்கழி மாதம் தொடங்கி ஓரிரு நாளில் அவருடைய பயிற்சி முடிந்தது. முதல் ஆறு மாதத்துக்குப் பொறுப்பான பொது வைத்திய நிபுணரின் கையெழுத்தைத் தானே வாங்கிக்கொண்டு, கட்டணத் துண்டோடு கந்தோருக்கு வந்தார். வாமதேவன் சேரின் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

"அண்ணே, இத இப்பவே அனுப்பவா, நியமனம் வார நேரம் அனுப்பவா?"

"ஏன் டொக்டர் கேக்கிறீங்க? காசு கட்டியாச்சுத்தானே?"

"வாப்பா கட்டிட்டார். அதுதான் பயம். பேர் போட்ட பலகையும் செஞ்சி கட்டிலுக்குக் கீழ சாரத்துணியால சுத்தி வெச்சிரிக்கார். பதிவு வந்த அண்டைக்கே வாசல்ல தொங்கிரும். தெரு முழுக்க இருமிக்கொண்டு வந்து நிக்கும். எனக்கு இன்னும் கொஞ்சம் வேல பழகணும் அண்ணே. நியமனத்துக்கு இன்னும் மாசக்கணக்கு இரிக்கு எண்டும் செல்றாங்க."

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மேசையில் படிவத்தைத் தள்ளுவதும் இழுப்பதுமாக நின்றார். ஒரு சொல்லில் எந்தப் பக்கமும் சாய்ந்திருப்பார். நான் நினைத்தது இதுதான்: இன்னும் இரண்டு பேருக்கு மூன்று கிழமையில் பயிற்சி முடியும். அந்த இரண்டும் சேர்ந்தால் மூன்று.

"அவசரமில்ல டொக்டர்" என்றேன். "என்னட்டக் குடுங்க. மத்த ரெண்டு பேர்ரயும் வரட்டும். ஒண்டாக் கொண்டு போவம்."

"அப்ப சரி அண்ணே. உங்களுக்குத் தெரியும்தானே."

பாக்கியம் மிஸ்ஸின் புத்தகத்தில் 'கிடைத்தது' என்று பதிந்துவிட்டு, படிவத்தை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இழுத்தும் பார்த்தேன்.

அடுத்து நடந்தது யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. புதிய பயிற்சி டொக்டர்கள் வருவது பிந்தியது. சத்திரசிகிச்சை வார்டில் ஆள் இல்லை. வாமதேவன் சேர் நஸ்ரினிடம், "புதுப் பிள்ளையள் வருமட்டும் நில்லும்" என்றார். தொடர்ந்து வேலைக்கு வைக்கக் கடிதம் கொடுப்பதென்றால் முழுப்பதிவு வேண்டும் என்றார் பாக்கியம் மிஸ். பெரியவர் நஸ்ரினைக் கூப்பிட்டு, "ஃபோம் குடுத்தாச்சா?" என்று கேட்டார். "கந்தோர்ல குடுத்திட்டன் சேர்" என்றார் அவர். அப்படியென்றால் கொழும்புக்குப் போயிருக்கும் என்று பெரியவர் நினைத்தார். "பதிவு வருமட்டும் பக்கத்தில ஒரு டொக்டர் இருக்கத்தான் வேல செய்யணும், தனிய ஒண்டும் செய்யக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

முதல் புதன்கிழமை அலுமாரியில் அந்தப் படிவம் தனியாகக் கிடந்தது. நான் போகவில்லை. இரண்டாம் புதன்கிழமை ஒரு லீவு விண்ணப்பம் சேர்ந்து இரண்டானது. மூன்றாம் மாடி வரைக்கும் போனேன். ஒரு சத்திரசிகிச்சை நீண்டு, சேர் பின்னேரம் நாலு மணிக்கும் வெளியே வரவில்லை. வாசலில் நின்ற தாதி, "இண்டைக்கு முகம் சரியில்ல, ஓடுங்க" என்றார். ஓடி வந்துவிட்டேன். மூன்றாம் புதன்கிழமை மாரி கொட்டியது. கந்தோர்க் கூரை ஒழுகி, கோப்புகளை இழுத்து மூடுவதிலேயே பகல் போய்விட்டது. அன்றைக்கு என்னிடம் மூன்று கடதாசி இருந்தது. போயிருக்கலாம்.

அடுத்த நாள் வியாழக்கிழமை, மதியம் பன்னிரண்டு மணி தாண்டியிருக்கும். ஒரு சுற்றறிக்கையைக் கொடுக்க அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். ஒரு மனிதரைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டு வந்தார்கள். தங்கராசாவின் தம்பி கோபாலபிள்ளை. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வீடு. பாதை என்று நாங்கள் சொல்கிற மிதவையில் சைக்கிளோடு ஏறி, இந்தக் கரைக்கு மீன் கொண்டு வந்து விற்கிறவர். பெரிய றோட்டில் வேன் அடித்திருந்தது. சட்டை முழுக்க மழைத் தண்ணீரும் மீன் செதிலும்.

பிரிவுக்குப் பொறுப்பான டொக்டர் அரை மணிக்கு முன்தான் ஒரு கர்ப்பிணியோடு அம்புலன்சில் பெரிய வைத்தியசாலைக்குப் போயிருந்தார். வார்டிலிருந்து உதவிக்கு வந்திருந்த நஸ்ரினும் ஒரு தாதியும் மட்டும் நின்றார்கள். அந்த மனிதரின் உதடு கறுத்து வந்தது. மூச்சை இழுக்கிறார், அது உள்ளே போகவில்லை. நஸ்ரின் அவருடைய நெஞ்சில் இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார்.

"அண்ணே, நான் கையுறை போட்டிட்டன். அந்தப் போன எடுங்க. வாமதேவன் சேருக்கு அடிச்சி எனக்குக் கேக்கிற மாதிரிப் பிடிங்க."

பிடித்தேன். சேர் வழியில் நின்றார். தாம்போதி என்கிற தாழ்ந்த பாலத்துக்கு மேலால் வெள்ளம் ஓடி, வாகனங்கள் இரண்டு பக்கமும் நின்றுவிட்டன. அவருடைய குரலுக்குப் பின்னால் மழை இரைந்தது.

"சொல்லும்."

"சேர், நாப்பது வயசிரிக்கும், வேன் அடிச்சது. வலப்பக்கம் மூச்சுச் சத்தமே இல்ல. கழுத்து நரம்பு புடைச்சிரிக்கு. மூச்சுக்குழல் இடப்பக்கம் தள்ளிட்டு. பிரசர் இறங்கிக்கொண்டு போகுது."

"நெஞ்சுக்குள்ளை காத்து அடைச்சுக் கிடக்கு. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு நிக்காதையும். ஊசியைப் போடும்."

தாதி பெரிய ஊசியின் உறையை உடைத்துக் கொடுத்தார். நஸ்ரின் வாங்கினார். வாங்கிய கை அந்தரத்தில் நின்றது.

"சேர், பக்கத்தில வேற டொக்டர் இல்ல. எனக்கு முழுப்பதிவு இன்னும் வரல்ல."

"ஃபோம் எங்கை?"

"கந்தோர்ல குடுத்திட்டன் சேர். மூணு கிழம."

நஸ்ரின் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய கண் அந்த மனிதரின் நெஞ்சில் இருந்தது. என் இடுப்பில் அலுமாரிச் சாவி குத்திக்கொண்டிருந்தது. அந்த மனிதரின் கால் தள்ளுவண்டியின் தகரத்தில் இரண்டு தரம் உதைந்தது. பிறகு உதைக்கவில்லை.

"என்னோடை நிண்டு எத்தனை தரம் போட்டிருக்கிறீர்?"

"நாலு தரம் சேர்."

"அப்ப இது அஞ்சாவது. நான் சொல்லித்தான் செய்யிறீர். காறை எலும்பின்ரை நடுவுக்கு நேர் கீழை, ரெண்டாவது விலா இடைவெளி. கீழ் எலும்பின்ரை மேல் விளிம்பை ஒட்டி. போடும்."

போட்டார். சைக்கிள் சில்லில் வால்வைத் திறந்தது போல ஒரு சத்தம் வந்தது. எனக்கு அந்த இரைச்சல் இன்றைக்கும் காதில் கிடக்கிறது. பத்து மூச்சுக்குள் உதட்டின் கறுப்பு இளகியது. பிறகு விலாவுக்குப் பக்கமாகக் கீறி, குழாயைப் போட்டு, தண்ணீர்ப் போத்தலோடு பொருத்தினார். போத்தலில் குமிழி குமிழியாக வந்தது. சேர் கடைசி வரை போனை வைக்கவில்லை. கோபாலபிள்ளை கண்ணைத் திறந்து முதல் கேட்டது, "என்ர மீன்பெட்டி எங்க?"

நஸ்ரின் சுவரோடு சாய்ந்து சிரித்தார். சிரிப்பு முடியுமுன் அழுதார்.

அன்றைக்குப் பின்னேரமே கோபாலபிள்ளையைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். தலைக்குள்ளும் இரத்தம் கசிந்திருந்தது. ஆறாம் நாள் அங்கே இறந்துபோனார். படிவத்தைக் கொண்டு போனால் ஏன் இவ்வளவு பிந்தியது என்று கேட்பார்களே என்ற பயத்தில், பிறகு வந்த புதன்கிழமைகளிலும் நான் அதை அலுமாரியிலிருந்து எடுக்கவில்லை.

வைத்தியசாலைக்குள் பேசுகிற கதை மறுகரைக்குப் போய்ச் சேர ஒரு பாதைப் பயணம் போதும். கோடு போட்ட தாளில் தங்கராசாவின் கடிதம் வந்தது. அதைப் பிரித்துக் கொடுத்தவன் நான்தான். என் தம்பிக்கு நெஞ்சில் குழாய் போட்டது யார், அவருக்கு அதற்கு அனுமதி இருந்ததா என்று கேட்டிருந்தார். பெரியவர் விசாரணைக்கு நாள் குறித்தார். இடையில் நாலு நாள். அந்த நாலு நாளும் நான் சோறு தின்றதாக ஞாபகம் இல்லை. தவறு நஸ்ரின்மேல் எழுதப்பட்டால் கொழும்பில் பதிவே மறுக்கலாம் என்று பாக்கியம் மிஸ் சொன்னார். ஆறு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி, ஒரு தையல் மெசினில் உழைத்த காசு. எனக்கு இன்னும் ஐந்து வருடத்தில் ஓய்வூதியம். இரண்டையும் மாறி மாறி நினைத்தேன்.

விசாரணைக்கு முதல் நாள் படிவத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனேன். சேரின் அறை திறந்திருந்தது, அவர் இல்லை. மேசையில் ஒரு கட்டுக் கடதாசி. அதற்கு அடியில் செருகிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன். யாரோ வருகிற சத்தம் கேட்டு, செருகாமலே இறங்கி வந்துவிட்டேன்.

விசாரணையில் முதலில் பேசியது தங்கராசா.

"சேர், நான் படிச்சவன் இல்ல. எனக்கு ஒண்டே ஒண்டச் சொல்லுங்க. அண்டைக்கு இந்தப் புள்ள டொக்டரா, இல்லையா?"

வாமதேவன் சேர்தான் சொன்னார். "அண்டைக்கு அவவுக்குப் பதிவு இல்லை. ஊசி போடச் சொன்னது நான். போடாட்டி உம்மடை தம்பி அந்த இடத்திலையே போயிருப்பார். அதுக்குப் பொறுப்பு நான். ஆனா பதிவு ஏன் வரேல்லை எண்டு எனக்கும் தெரிய வேணும்."

"ஃபோம் எப்ப அனுப்பினது?" என்றார் பெரியவர்.

பாக்கியம் மிஸ் புத்தகத்தைத் திறந்தார். கிடைத்த திகதி இருந்தது. அனுப்பிய இடம் வெறுமை. எல்லாரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

"அழகையா?"

"வாமதேவன் சேர்ர மேசையில வெச்சனான் சேர்" என்றேன். "மூண்டு கிழமைக்கு முன்ன. கையெழுத்தாகல்ல. அதால திரும்ப எடுத்து அலுமாரியில வெச்சிரிக்கன்."

நான் யோசித்துச் சொல்லவில்லை. ஏற்கெனவே வாய்க்குள் கிடந்தது போல வந்துவிட்டது. சேர் கோபப்படுவார் என்று காத்து நின்றேன். கோபப்பட்டிருந்தால் அந்தப் பொய்யையே பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

"கொண்டு வாரும்" என்றார்.

கொண்டு வந்து கொடுத்தேன். அவர் படிவத்தை வாங்கி வலது மேல் மூலையைப் பார்த்தார். அந்த வெறும் இடத்தில் பெருவிரலை வைத்து ஒரு தரம் தடவினார். பிறகு சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து, அன்றைய திகதியை, எறும்பு போலச் சின்னதாகப் போட்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. முதல் வரியில் விரலை வைத்து வாசிக்கத் தொடங்கினார். அந்த அறையில் அந்தப் பென்சிலின் அர்த்தம் தெரிந்தவர்கள் அவரும் நானும் மட்டும். பாக்கியம் மிஸ்ஸுக்குத் தெரியுமோ என்னவோ, கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வரி வரியாக விரல் இறங்கி வந்தது. மற்றவர்கள் காத்திருந்தார்கள். மைப் பேனையை எடுத்து மூடியைத் திருகத் தொடங்கினார்.

"சேர்" என்றேன். "சேர், அது உங்கட மேசைக்கு வரவேயில்ல. தனிக் கடதாசி கொண்டு வரப் பயந்து நான்தான் வெச்சிருந்தன். அவசரமில்ல எண்டு டொக்டருக்குச் சொன்னதும் நான்தான்."

சேர் மூடியைத் திருகி முடித்துக் கையெழுத்தை வைத்தார். "இது எனக்கு இண்டைக்குத்தான் வந்தது" என்று பெரியவரிடம் நீட்டினார். அவ்வளவுதான்.

நஸ்ரின் திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தெரியாத ஒருவரைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

தங்கராசா எழும்பினார். "நான் குடுத்த கடிதத்த நான் திருப்பி எடுக்கல்ல சேர். என்ர தம்பி போனவன்தான். ஆனா பிழை எண்டு இந்தப் புள்ளைட பேரப் போடாம, கதவில நிக்கிறவர்ர பேர எழுதுங்க." செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், வாசலில் நின்று நஸ்ரினிடம், "அவன் மீன்பெட்டியக் கேட்டானாமே, மனே. மெய்யா?" என்று கேட்டார். "ஓம்" என்றார் நஸ்ரின். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஒரு வருடச் சம்பள உயர்வு நின்றது. ஒளித்து வைக்க ஒன்றும் இல்லை, எழுதிவிட்டேன். புது வருடத்தோடு பதிவுக் கட்டணமும் கூடியிருந்தது. நஸ்ரினின் பழைய துண்டு போதாது. "பிந்தினதுக்கு இந்தப் பிள்ளை ஏன் கட்டவேணும்? வித்தியாசத்த நீங்க குடுங்க" என்றார் பெரியவர். மூவாயிரத்து நாநூறு ரூபாய். என் பையில் இரண்டாயிரம்தான் இருந்தது. விறாந்தையில் வாங்கில் இருந்த வாப்பாவிடம் அதைக் கொடுத்தேன். மிச்சத்தைச் சம்பளத்தன்று தருவதாகச் சொன்னேன். அவர் எண்ணாமல் வாங்கினார்.

"தம்பி, நான் ஒரு பலகைய மூணு கிழமையா எலி கடிக்காமப் பாத்தன்" என்றார். "நீங்க ஒரு கடதாசியப் பாக்கல்லியே."

கொழும்பிலிருந்து இரண்டு தரம் விளக்கம் கேட்டு எழுதினார்கள். இரண்டு தரமும் வாமதேவன் சேர் தன் கையால் பதில் எழுதினார். இரண்டையும் அன்றன்றைக்கே, தனியாக, நான் தபாலுக்குக் கொண்டு போனேன். ஐந்து மாதம் கழித்துப் பதிவு வந்தது. அதற்குள் நஸ்ரினோடு பயிற்சி முடித்தவர்கள் பக்கத்து இடங்களை எடுத்துவிட்டார்கள். தூரம் என்று மற்றவர்கள் விட்ட வாகரை நஸ்ரினுக்குக் கிடைத்தது. மிச்சக் காசை வாங்காமலே போய்விட்டார்.

அதற்கடுத்த வருடம் ஒரு நாள் லீவு போட்டு, காசைக் கடித உறையில் வைத்துக்கொண்டு வாகரைக்குப் பஸ் ஏறினேன். நேரே உள்ளே போகப் பயம். வெளிநோயாளர் வரிசையில் நம்பர் எடுத்து இருந்தேன். நாற்பத்தொன்று. எனக்கு முன்னால் நாற்பது பேரையும் அவர் பார்த்ததை நான் பார்த்தேன். தனி மேசை, தனி ஆள், பக்கத்தில் வேறு டொக்டர் யாரும் இல்லை. ஒவ்வொரு துண்டிலும் கையெழுத்து வைத்து, பெயரும் பதிவு இலக்கமும் உள்ள முத்திரையைக் குத்திக் கொடுத்தார்.

"என்ன வருத்தம் அண்ணே?"

"வருத்தம் ஒண்டும் இல்ல டொக்டர். இது அந்த..."

"வருத்தம் இல்லாதவங்க நம்பர் எடுக்கக் கூடா. கையக் குடுங்க."

பட்டியைச் சுற்றி இரத்த அழுத்தம் பார்த்தார். கூடித்தான் இருந்தது. அவர் இரண்டு தரம் பார்த்தார்.

"எப்ப இருந்து மருந்து எடுக்கிறீங்க?"

"எடுக்கிறதில்ல. எடுக்கணும் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல. அவசரமில்ல எண்டு..."

அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். அந்தச் சொல்லை நான் என்னத்துக்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. பிறகு மெதுவாகச் சிரித்தார். துண்டில் இரண்டு மருந்து எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரையைக் குத்தினார்.

"இண்டைக்கே தொடங்கணும். நாளைக்கு இல்ல, இண்டைக்கு. வாப்பாட பலகையும் வீட்டு வாசல்ல தொங்குது, போகக்குள்ள பாத்திட்டுப் போங்க." நான் உறையை எடுக்குமுன் மணியை அடித்துவிட்டார். "நாப்பத்திரெண்டு."

எங்கள் ஒழுங்கைப் பிள்ளைக்கு வேலியடியில் நான் சொன்னது இதுதான். முடிகிற அன்றைக்கே போடு. கையெழுத்து வாங்க ஆளை நம்பாதே, நீயே மாடி ஏறு. பிறகு என்னிடம் வந்து, போட்டாச்சு என்று சொல். அதுவரைக்கும் எனக்கு நித்திரை வராது.

அந்த முத்திரை போட்ட துண்டு இன்னும் என் அலுமாரியில் இருக்கிறது. கடித உறையும் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. பிறகும் மூன்று தரம் கொண்டு போனேன். ஒவ்வொரு தரமும் என் கையைப் பிடித்துப் பட்டியைச் சுற்றிவிடுகிறார். டொக்டர் நஸ்ரினுக்கு நான் இன்னும் ஆயிரத்து நாநூறு ரூபாய் கொடுக்க வேண்டும்.